முந்நூறு அட்டைகளும் ஒரு பூட்ஸ் பெட்டியும்: குழந்தைகளுக்கான ஜெர்மன் சொல் அட்டைகள் குறித்து

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், ஆறாம் வகுப்பில் கூடுதல் மொழியாக ஜெர்மனைத் தேர்ந்தெடுத்திருந்த என் மகளுக்காக இணையத்தில் ஒரு சொல் அட்டைப் பெட்டி வாங்கினேன். பதினைந்து தலைப்புகளில், தலைப்புக்கு இருபது வீதம் முந்நூறு அட்டைகள். முன்பக்கம் படமும் ஜெர்மன் சொல்லும், பின்பக்கம் ஆங்கிலப் பொருள். விலை எழுநூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்து மாதங்கள் புழங்கிய பிறகு அதைப் பற்றி எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே அமைப்பில் வேறு பெயர்களிலும் பெட்டிகள் விற்பனைக்கு இருப்பதால், வாங்க நினைப்பவர்களுக்குப் பெயரைவிட, எதையெதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

அட்டைகளின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. தடித்த தாள், முனைகள் வளைவாக வெட்டப்பட்டவை, எழுத்துப் பெரிது, படங்கள் தெளிவு. கத்தரிக்காய் அட்டையில் மட்டும் வழவழப்பாக நீண்ட ஒரு காயை வரைந்திருந்ததைப் பார்த்த என் மாமியார், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயையே சாப்பிட்டுப் பழகியவர் என்பதால், அது கத்தரிக்காயே இல்லை என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மேலே ஒட்டியிருந்த பளபளப்பான மெல்லிய தாள் மார்ச் வெயிலில் சில அட்டைகளில் ஓரம் விட்டு எழும்பியது. வேலூர் வெயிலுக்கு இது பெரிய குற்றமல்ல.

உண்மையான குறை முதல் வாரத்திலேயே தெரிந்தது. பெயர்ச்சொற்களுக்கு முன்னால் வரவேண்டிய பாலைக் காட்டும் சொல்லை முந்நூறு அட்டைகளில் எதிலுமே அச்சிடவில்லை. ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால், பெண்பால், பொதுப்பால் என்ற மூன்றில் ஒன்றைச் சேர்ந்தது. அவற்றுக்கு முறையே டெர், டீ, டாஸ் என்ற சொற்கள் முன்னால் நிற்கும். நம் இலக்கணத்தில் உயர்திணை, அஃறிணைப் பிரிவு பொருளைப் பார்த்து அமைவது. ஆணை ஆணென்றும், பெண்ணைப் பெண்ணென்றும், கல்லையும் கரண்டியையும் அஃறிணை என்றும் சொல்லிவிடலாம், குழந்தை எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஜெர்மனில் அந்த வசதி கிடையாது. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் மூன்று பொருள்களில் கரண்டி ஆண்பால், டெர் லோஃபல். முள்கரண்டி பெண்பால், டீ காபல். கத்தி பொதுப்பால், டாஸ் மெஸர். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சிறுமி என்று பொருள்படும் மேட்ஷென் என்ற சொல்லே பொதுப்பாலில் வருகிறது என்று அறிந்த அன்று என் மகள் சிறிது நேரம் கோபமாகவே இருந்தாள். அதற்காவது, அதன் கடைசியில் இருக்கும் ஷென் என்னும் குறுமை விகுதி எந்தச் சொல்லில் சேர்ந்தாலும் அதைப் பொதுப்பாலாக்கிவிடும் என்றொரு விளக்கம் உண்டு. கரண்டிக்கு அதுவும் இல்லை.

ஆகவே காபல் என்பது முள்கரண்டி என்று மட்டும் கற்ற குழந்தை பாதிச் சொல்லைத்தான் கற்றிருக்கிறது. வாக்கியம் அமைக்கத் தொடங்கும்போது மீதிப் பாதியைத் தேடி அகராதிக்குத் திரும்ப வேண்டும். பன்மையும் அப்படியே. தமிழில் கள் என்ற ஒரு விகுதியை வைத்துக்கொண்டு பெரும்பாலும் காலம் தள்ளிவிடலாம். ஜெர்மனில் காபல் என்பது காபல்ன் ஆகும், லோஃபல் மாறாமல் லோஃபலாகவே நிற்கும், வீட்டைக் குறிக்கும் ஹவுஸ் என்பது ஹாய்ஸர் என்று உயிரெழுத்தே மாறிப் போகும். இவற்றைத் தராத அட்டைப் பெட்டி, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், குழந்தைக்கு இரட்டை வேலையையே வைக்கிறது. வாங்குவதற்கு முன் விற்பனைப் பக்கத்தில் இருக்கும் மாதிரி அட்டையின் படத்தைப் பெரிதாக்கி, டெர், டீ, டாஸ் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. நான் பார்க்கவில்லை.

இதை நாங்கள் வண்ணத்தால் சரிசெய்தோம். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, பொதுப்பாலுக்குப் பச்சை என்பது ஜெர்மன் கற்பிப்போர் பலர் கையாளும் வழக்கம். ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு பெயர்ச்சொல் அட்டையின் மூலையிலும், இரு பக்கமும், ஒரு முக்கோணம் தீட்டினோம். பளபளப்பான முன்பக்கத்தில் மை ஒட்டாமல் வழிந்ததால், அங்கே வண்ணத்தாளை வெட்டி ஒட்ட நேர்ந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின.

இரண்டாவது குறையை நான் குறையாகவே முதலில் உணரவில்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்குப் பின்பக்கம் ஆங்கிலத்தில் இருப்பது இயல்புதானே என்று நினைத்தேன். உண்மையில் ஆங்கிலம் ஓரளவு துணையும் செய்கிறது: கை, விரல், வெண்ணெய், குளிர்காலம் ஆகியவற்றுக்கு இரு மொழியிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே சொற்கள்தாம், ஒலிப்பில் மட்டும் சிறிது வேறுபாடு. ஆனால் ஜெர்மனில் கிஃப்ட் என்றால் நஞ்சு. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்ட தன் சித்தப்பாவிடம் அவள் அந்த அட்டையை நீட்டிச் சிரித்தது வேறு கதை; ஆனால் இத்தகைய வேடிக்கைகளைக் காட்டிலும் ஆழமான சிக்கல் ஒன்று ஆங்கிலப் பின்பக்கத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். பேசப்படுபவர் தோழியா, தலைமையாசிரியரா, ஒரு கூட்டமா என்று அது காட்டாது. ஜெர்மனில் டூ, ஈர், ஸீ என்று மூன்று. அட்டைகளில் மூன்றின் பின்பக்கத்திலும் அதே ஆங்கிலச் சொல் அச்சிடப்பட்டிருந்தது. மூன்றும் ஒன்றென்றால் எதற்கு மூன்று என்று அவள் கேட்டதற்கு அட்டையில் விடை இல்லை, தமிழில் இருந்தது. டூ என்பது நீ. ஸீ என்பது மரியாதைக்குரிய நீங்கள். ஈர் என்பது உன் தோழிகள் நான்கு பேரைச் சேர்த்து அழைக்கும் நீங்கள். அவள் தன் வகுப்பாசிரியரை ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை. ஆகவே ஸீ எங்கே வரும் என்பதை ஒருமுறை சொன்னதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு இடம், எனக்குப் பிடிக்கிறது என்பது. ஆங்கிலத்தில் பிடிப்பவர் எழுவாயாக நிற்பார். ஜெர்மனில் மீர் கெஃபெல்ட் என்று சொல்வதும் உண்டு. மீர் என்பதற்கு எனக்கு என்றே பொருள். பிடித்த பொருள்தான் எழுவாய். நம் வாக்கியம் அப்படியே இருக்கிறது. குளிரைச் சொல்லும்போதும் மீர் இஸ்ட் கால்ட், எனக்குக் குளிராக இருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் போனால் இதைப் புதிய இலக்கண விதியாகப் படிக்க வேண்டும். தமிழ் வழியாகப் போனால் வேற்றுமை உருபு கு என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்குப் போகலாம். எல்லா இடத்திலும் தமிழே வெல்லும் என்று சொல்லவில்லை. நாம், நாங்கள் என்று நாம் வைத்திருக்கும் நயமான பிரிவுக்கு ஜெர்மனில் வீர் என்ற ஒரு சொல்தான். எனினும், இதற்குப் பிறகு ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் ஆங்கிலத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டித் தமிழில் எழுதிவிட்டோம்.

தொகைச் சொற்களில் இது இன்னும் சுவையாக அமைந்தது. ஜெர்மானியர் சொற்களை ஒட்டி ஒட்டிப் புதுச்சொல் செய்பவர்கள். நமக்கும் அது கைவந்த கலை. க்ராங்கன்ஹவுஸ் என்றால் நோயாளிகளின் வீடு, அதாவது மருத்துவமனை. வீட்டுக்கு மனை, மனைக்கு வீடு. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. என்னும் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கும் ஊரில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சொல்லை ஒரே நாளில் மனத்தில் ஏற்ற முடிந்தது வியப்பல்ல. க்யூல்ஷ்ராங்க் என்பது குளிர் அலமாரி. ஆமைக்கு ஷில்ட்க்ரோட்டெ, கேடயத் தேரை. கையுறைக்கு ஹாண்ட்ஷூ, கைச்செருப்பு. கடைசிச் சொல்லைக் கேட்டு வீடே சிரித்தது. ஆங்கிலப் பின்பக்கம் இந்தச் சிரிப்பை மூடி வைத்திருந்தது.

மூன்றாவது குறை அடுக்கிய முறையில் இருக்கிறது. பழங்கள் இருபதும் ஒரு கட்டு, சமையலறைப் பொருள்கள் இருபதும் ஒரு கட்டு என்று தலைப்பு வாரியாகக் கொடுத்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரே வகைச் சொற்களை ஒரே நேரத்தில் புதிதாகக் கற்கும்போது அவை ஒன்றோடொன்று குழம்புகின்றன என்பதை டிங்கம் என்ற ஆய்வாளர் 1993ஆம் ஆண்டிலேயே சோதனை செய்து எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் பொருளால் மட்டுமன்றி ஒலியாலும் குழப்பம் வந்தது. க்யூஹெ என்றால் சமையலறை, கூகென் என்றால் கேக், கிர்ஹெ என்றால் தேவாலயம், கிர்ஷெ என்றால் செர்ரிப் பழம். நான்கையும் ஒரே வாரத்தில் எடுத்த அந்த மழைக்கால நாள்களில், தேவாலயத்தைச் சாப்பிட்டு, கேக்குக்குள் சமைத்தாள். பிறகு கட்டுகளை எல்லாம் அவிழ்த்து, சீட்டுக்கட்டுப் போலக் கலைத்து, ஒன்றுக்கொன்று ஒவ்வாத ஆறு சொற்களாக எடுத்தோம்: ஆமை, செவ்வாய்க்கிழமை, உப்பு, ஓடுதல், பாட்டி, ஜன்னல். குழப்பம் பெரும்பாலும் அடங்கியது.

இனி பெட்டி. அட்டைகளோடு வந்த பெட்டிக்குள் தடுப்பே இல்லை. அது வெறும் உறை. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1972இல் வெளியிட்ட கற்றல் பற்றிய நூலில் பரப்பிய ஐந்து அறைப் பெட்டிதான் சொல் அட்டைகளுக்கு உயிர். ராணிப்பேட்டையில் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் என் கணவர் நீளமான பூட்ஸ் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் நான்கு தடுப்புகளை ஒட்டியதும் ஐந்து அறைகள் ஆயின. புதிய அட்டை முதல் அறையில் நுழையும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் எடுக்க வேண்டும், பின்னால் உள்ளவற்றை மேலும் மேலும் இடைவெளி விட்டு. தெரிந்த சொல்லில் நேரம் வீணாவதில்லை, தெரியாத சொல் தப்பிப் போவதுமில்லை.

இடைவெளியை எப்படிக் கணக்கு வைப்பது என்பதில் தடுமாறினோம். ஒரு தாளில் தேதிகளை எழுதி ஒட்டினேன். ஒரு வாரத்தில் யாரும் பார்ப்பதில்லை என்றாயிற்று. தீர்த்து வைத்தவர் என் மாமியார். இரண்டாம் அறை ஒன்றுவிட்டு ஒருநாள். மூன்றாம் அறை வெள்ளிக்கிழமை. நான்காம் அறை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும். ஐந்தாம் அறை கிருத்திகைக்கு. அவர் காலையில் தினசரி நாள்காட்டியின் தாளைக் கிழிக்கும்போதே இன்றைக்கு எந்த அறை என்பது முடிவாகிவிடும். கிருத்திகைக்கு இரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போய்வந்த பிறகு ஐந்தாம் அறை என்பது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. பதினைந்து நாள், இருபத்தேழு நாள் என்று இடைவெளியும் தானாகவே சரியாக அமைகிறது.

தேர்வு நடத்துபவரும் அவர்தான். ஜெர்மன் ஓரெழுத்தும் அவருக்குத் தெரியாது; தமிழ் நன்றாகப் படிப்பார். பின்பக்கத்தைத் தமிழில் மாற்றியதன் பெரிய பயன் இதுவென்று பிறகுதான் புரிந்தது. நானும் கணவரும் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். மாலை ஐந்தரை மணிக்கு, கையில் காபி டம்ளருடன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடுவார். பேத்தி ஜெர்மன் பக்கத்தைப் பார்த்துப் பொருள் சொல்ல வேண்டும். அவர் தம் பக்கமுள்ள தமிழைப் பார்த்துச் சரிபார்ப்பார். பால் சொல்லும்போது அவர் பார்ப்பது வண்ண முக்கோணத்தை. முன்பக்கத்து முக்கோணத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் அட்டையை நீட்டுவார்.

“இன்னா கண்ணு, மூலையில செவப்பு போட்டுக்குது, நீ டெர்னு சொல்ற?” என்பார்.

“இல்ல ஆயா, டீ. டீ காபல்.”

“அப்போ மொதல் ரூமுக்குப் போவட்டும்.”

இதில் இரக்கம் பார்ப்பதே இல்லை. நானாக இருந்தால் பாதி சொன்னதற்கே அடுத்த அறைக்கு அனுப்பியிருப்பேன். ஆயாவிடம் அந்தச் சலுகை செல்லாது. விடை வராதபோது உடனே அட்டையைத் திருப்பிக் காட்டாமல், காபியை ஒரு வாய் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் சொல் பதிகிறது என்பது என் கணிப்பு. அதற்கு முன்பு என் மகள் கையாண்ட முறை, ஒவ்வொரு சொல்லையும் நோட்டில் பத்துமுறை எழுதுவது; இம்போசிஷன் எழுதிப் பழகிய கை. நான்காவது முறைக்குப் பிறகு கை எழுதும், மனம் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் ஓர் உரைப்பகுதியைப் படித்து ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது அதைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்ததைப் பாராமல் நினைவுகூர்ந்து பயின்றவர்கள் முந்தினர். எங்கள் நோட்டுப் புத்தக முறை மறுநாள் வகுப்புத் தேர்வில் மதிப்பெண் தந்து, அரையாண்டில் கைவிட்டதன் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முரண்டு பிடிக்கும் அட்டைகள் சில எப்போதும் இருக்கும். மூன்றாம் அறை வரை போய்ப் போய்த் திரும்பிவரும். அவற்றுக்கு மட்டும் அட்டையின் ஓரத்தில் அவளே ஒரு சிறு படம் வரைந்துகொள்வாள். கடிகாரத்துக்கு டீ ஊர். எழுத்தளவில் நம் ஊர்தான், பேச்சில் கடைசி ரகரம் தேய்ந்துவிடும். லாங் பஜார் மணிக்கூண்டை வரைந்து, சுற்றிலும் நான்கு கடைகளைப் போட்டு, ஊருக்கு நடுவில் கடிகாரம் என்றாள். பாட்டிக்கு ஓமா, வயிற்றுவலி என்றால் ஆயா கொடுக்கும் ஓமத் தண்ணீரை வரைந்தாள், அத்துடன் அந்தச் சொல் முடிந்தது. மூக்குக்கு நாஸெ என்பதற்கு நாசி என்ற நம் வழக்கே போதும். இஞ்சிக்கு ஜெர்மனில் இங்வர். அது இஞ்சிவேர் என்பதிலிருந்து பாலி, கிரேக்கம், லத்தீன் என்று பல கைமாறிப் போன சொல் என்று நான் விளக்கியபோது, போன சொல்லைத் திரும்ப வாங்குவதற்குப் பணமா கேட்கிறார்கள் என்று ஆயா கேட்டார். அச்சிட்ட படத்தைவிட இந்தக் கோணல்மாணல் படங்களே நிற்கின்றன. நான் யோசித்துச் சொன்ன தொடர்புகள் இரண்டு நாளில் உதிர்ந்துவிட்டன. அவளாகக் கண்டுபிடித்தவை உதிரவில்லை.

எங்கள் தவறுகளையும் சொல்ல வேண்டும். அட்டைகள் போதாமல் லாங் பஜாரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் வெற்று அட்டைகள் வாங்கி நாங்களே எழுதத் தொடங்கியபோது, வெண்ணெய்க்கு, அதாவது புட்டருக்கு, நான் நீல முக்கோணம் தீட்டிவிட்டேன். அது பெண்பால். மூன்று வாரம் டெர் புட்டர் என்று சொல்லி, நான்காம் அறைக்கும் போய்விட்ட பிறகு பள்ளியில் ஆசிரியர் திருத்தினார். அதைக் கற்க எடுத்ததைவிட மறக்க எடுத்த நாள்கள் அதிகம். இன்றும் சில நேரம் டெர் என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அதன் பிறகு அகராதியைப் பார்க்காமல் ஓர் அட்டையும் பெட்டிக்குள் நுழைவதில்லை.

தொடக்க ஆர்வத்தில் நாளொன்றுக்கு இருபது புதிய சொற்கள் எடுத்ததும் தவறு. பத்தாம் நாள் முதல் அறையில் மூடி மூட முடியாத அளவுக்கு அட்டைகள் குவிந்தன. அரைமணி நேரத்தில் முடியவேண்டியது ஒன்றரை மணி நேரமாக நீண்டு அழுகையில் முடிந்தது. இப்போது புதிய சொற்கள் ஆறு. தேர்வு வாரத்தில் ஒன்றும் இல்லை, பழையவை மட்டும். பொங்கலுக்கு ஆற்காட்டில் என் அம்மா வீட்டில் ஐந்து நாள் தங்கித் திரும்பியபோது எண்பத்துநான்கு அட்டைகள் காத்திருந்தன. ஒரே நாளில் தீர்க்க முயலாமல், மூன்றாக வகுந்து மூன்று நாளில் முடித்தோம்.

உச்சரிப்பில் அட்டைகளால் பயன் இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் ஒலி கேட்கும் என்று போட்டிருந்தார்கள்; அது தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கேட்கும் பக்கத்துக்குப் போய் நின்றது. கொடுத்த பிறகும் பாதிச் சொற்களுக்கு ஒலி வரவில்லை. தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைக்கலாமா என்று ஆயாவுக்காக யோசித்துக் கைவிட்டேன். உதட்டைக் குவித்துக்கொண்டு எகரத்தைச் சொன்னால் வரும் ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை, ககரமோ இரண்டு மூன்று ஒலிகளுக்குப் பொது. இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருக்கும் ஜெர்மன் சொற்களும் அந்த அளவில் தோராயமானவையே. ஒலிக்கு இப்போது பள்ளி ஆசிரியரையும், இணைய அகராதிகளில் கிடைக்கும் ஒலிப்பதிவுகளையும் நம்புகிறோம்.

இதையெல்லாம் ஒரு செயலியில் செய்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம். டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட ஆன்கி என்ற இலவச மென்பொருள் லைட்னரின் பெட்டியைவிட நுட்பமாக, ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனியே நாள் கணக்கிட்டுத் தருகிறது. ஆன்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்கே மனப்பாடம் என்றுதான் பொருள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கட்டணமில்லை, ஐபோனில் ஒருமுறை பணம் கட்ட வேண்டும். ஒலியையும் படத்தையும் நாமே சேர்க்கலாம், தமிழிலும் எழுதலாம். செவிலியராக ஜெர்மனி செல்வதற்காக பி2 என்னும் உயர் இடைநிலைத் தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை, இரவுப் பணி முடிந்து பேருந்தில் திரும்பும்போது அதில்தான் படிக்கிறாள். அவளைப் போன்ற பெரியவர்களுக்கு அதைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை. பதினொரு வயதுப் பெண்ணிடம் கைப்பேசியைக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் வேறெங்கோ போய்விடுகிறாள். ஆயாவாலும் அதில் தேர்வு வைக்க முடியாது.

எழுநூறு ரூபாய்க்கு இந்தப் பெட்டி தகுமா என்றால், ஆறேழு வயதுக் குழந்தைக்குப் படங்களுக்காக வாங்கலாம். பத்து வயதுக்கு மேல் என்றால், இதே பணத்தில் வெற்று அட்டைகளும், நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனாக்களும், ஒரு நல்ல அகராதியும் வாங்கிவிடலாம். எந்தச் சொற்களை எழுதுவது என்று தேடி அலையவும் வேண்டியதில்லை. ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனம் ஏ1 என்னும் தொடக்க நிலைக்கான, ஏறத்தாழ 650 சொற்கள் கொண்ட பட்டியலைத் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, அதில் டெர், டீ, டாஸ் மூன்றும் உண்டு. எங்கள் பூட்ஸ் பெட்டியில் இன்று 460 அட்டைகள் இருக்கின்றன. அவற்றில் 270க்குச் சற்று மேல் ஐந்தாம் அறையில். வாங்கியவை முந்நூறில் நாற்பதை, படம் பொருளோடு ஒத்துவரவில்லை என்று எடுத்துப் போட்டுவிட்டோம்; கத்தரிக்காய் அட்டை அவற்றில் ஒன்று.

கடைசியாக, அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள். பெட்டியோடு வந்த பதினைந்தும் ஏப்ரல் முதல் வாரத்தில் உருகி, மேலட்டையோடு ஒட்டிக்கொண்டு, உரித்தபோது எழுத்தையும் சேர்த்துக் கொண்டுபோயின. இப்போது ஆயாவின் பழைய பருத்திப் புடவைக் கரையைக் கிழித்துத்தான் கட்டுகிறோம்.